கம்பியில் காது வைத்த இரவு

மாதம் ஒருமுறை என் மேசைக்கு வரும்
மின்கட்டண அட்டைகளை எடைக்குப் போட்டால்
பிரிவு முழுக்க ஒரு நாள் டீச்செலவு தேறும்.
தெருவிளக்கு, பம்பு, கழிப்பிடம், எரிமேடை,
திறப்பு விழாவன்றே நின்றுபோன
பூங்கா நீரூற்று ஒன்று.
ஆறு வருடமாய் அதற்குக் கட்டணம் கட்டுகிறோம்
என்று கண்டுபிடித்தது நான்தான்.
யாரும் பாராட்டவில்லை.
ஒப்பந்ததாரர் மட்டும் ஒருநாள் போனில்
சௌக்கியமா மேடம் என்றார்.

தெருவிளக்கு சுலபம்.
மஞ்சள் சோடியத்தை இறக்கி
வெள்ளை எல்இடி ஏற்றினோம்.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பொடி வைக்கிறவர்
அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:
"இனி ராத்திரியிலும் கடன்காரன்
அடையாளம் கண்டுபிடிச்சிருவானுங்க."
அந்த வரி பாதியானது.
மொத்தத் தொகையோ
நடுரோட்டில் படுத்த எருமைபோல் அசையவில்லை.

சேலத்துக்குச் சொந்த ஆறு உண்டு.
தன்னைக் குடிக்க முடியாதென்று
திருமணிமுத்தாற்றுக்கே தெரியும்.
ஆகவே மேட்டூரிலிருந்து காவிரியைத் தூக்குகிறோம்.
தூக்குகிறோம் என்றால் தூக்குகிறோம்தான்:
ராப்பகலாய் மோட்டார்கள்
ஓர் ஆற்றை இடுப்பில் வைத்து மேடேறுகின்றன.
அவற்றுக்கான நெருப்பும் அங்கேயே,
அணைக்குப் பக்கத்தில், புகைபோக்கிக்குக் கீழே.
தண்ணீர் குழாயில் ஊருக்கு வருகிறது,
கரி வானத்துக்குப் போகிறது.
வந்ததில் எவ்வளவு வீடு சேர்ந்தது
என்ற கட்டத்தில்
எனக்கு முன்னிருந்தவர் சிறு கோடு போட்டிருந்தார்.

அர்த்தனாரி, வால்வு திறப்பவர்.
ராத்திரி ரெண்டு மணிக்கு வாங்க என்றார்.
கிச்சிப்பாளையத்தில் கடைசி டெம்போ போனபின்
ஐந்தடி இரும்புக் கம்பியைத் தாரில் ஊன்றி
மேல்முனைக் குமிழில் காது வைக்கச் சொன்னார்.
திம் திம் என்று கேட்டது.
"அது உங்க நெஞ்சுங்க. கொஞ்சம் தள்ளி வைங்க."
தள்ளி வைத்தேன்.
பூமிக்கடியில் யாரோ
பல்லிடுக்கில் விசிலடித்துக்கொண்டிருந்தார்கள்,
நிறுத்தாமல், மூச்சு வாங்காமல்.
வடக்கே சேர்வராயன் மலை இருட்டாய் இருந்தது.
கொண்டை ஊசி வளைவொன்றில்
ஒற்றைக் கார் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது.
நான் விசிலை யூனிட்டில் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

மன்றத்தில் ஒருவர் எழுந்தார்:
"உயர்கோபுர விளக்குன்னா
சங்ககிரியிலிருந்து தெரியும்.
கசிவ அடைச்சா எங்க தெரியும்?
குழிக்குள்ளயா கல்வெட்டு வைப்பீங்க?"
நியாயமான கேள்வி.
என்னிடம் ஒரு வரைபடம் இருந்தது, பதில் இல்லை.
மூன்றாவது வரிசையிலிருந்து நூர்ஜமீலா சொன்னார்:
"என் வார்டுல ரெண்டரை மணிக்கு எழுந்து
குடம் வரிசை போடுறாங்க.
ஆறு மணிக்குத் தண்ணி வந்தா போதும்.
எங்களுக்குக் கோபுரம் வேணாம், தூக்கம் வேணும்."
கரியைப் பற்றி அவர் ஒரு சொல் சொல்லவில்லை.
தீர்மானம் நிறைவேறியது.

தார் வெட்டினார்கள், திட்டு வாங்கினார்கள்.
முழங்கால் சேற்றில் அர்த்தனாரி
ஒவ்வொரு விசிலாய் வாய் பொத்தினார்.
மூன்றாம் மாதம் ஒரு விடிகாலை
பம்பு ஹவுஸிலிருந்து போன்:
"மேடம், தொட்டி மூணு மணி நேரம் முந்தியே நெறஞ்சிருச்சு.
மோட்டாரை நிறுத்திட்டேன்.
ஏதாச்சும் ஃபால்ட்டுங்களா?"
இல்லை என்றேன்.
அவர் நம்பவில்லை.

இன்று காலை அம்மாபேட்டையில்
கேபிள் பதிக்கத் தோண்டிய எந்திரம்
பிரதானக் குழாயைக் கிழித்துவிட்டது.
போய் இறங்கினால்
தென்னை உயரத்துக்குக் காவிரி.
பள்ளிக்கூடப் பையன்கள் பையைக் கழற்றி வீசிவிட்டு
உள்ளே ஓடுகிறார்கள்.
தறி நிறுத்தி வந்தவர்கள் செருப்போடு நனைகிறார்கள்.
ஆறு வருடம் கட்டணம் கட்டிய நீரூற்று
கடைசியில் வேலை செய்கிறது.

நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்,
லிட்டருக்கு எவ்வளவு கரி என்று
மனசு கணக்குப் போடத் தொடங்கிவிட்டது.
அர்த்தனாரி வால்வுச் சாவியோடு
என் முகத்தைப் பார்க்கிறார்.

மூடுங்கள் என்றேன்.
இரண்டு நிமிடம் கழித்துத்தான்.